ராத்திரி பதினொன்றுக்குப் பரோட்டா

விடுதிக்கு எதிர்க் கடையில் ராத்திரி பதினொன்றுக்கு உட்கார இடமில்லை. பக்கத்து மேசைத் தம்பி, சால்னா படாமலிருக்க ஐடி கார்டைச் சட்டைப் பைக்குள் செருகிவிட்டு மூன்றாவது பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

“காலையில என்னப்பா சாப்பிட்ட?”

“எங்கண்ணா... எட்டரைக்கு கிளாஸ். மதியம் ஒரு பப்ஸ்.”

உடல் பருமன் என்றதும் பிள்ளைகளின் நாக்கைத்தான் குறை சொல்கிறோம். மெஸ் நேரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இத்தனைக்கும் நம் உடல்வாகு வேறு. உலகக் கணக்கில் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் அளவு, 25-ஐத் தொட்டால்தான் அதிக எடை. இந்தியர்களுக்கு 23-லேயே மணி அடிக்கிறது. அதே எடையில் நமக்கு வயிற்றுக் கொழுப்பு கூடுதல். இந்தத் தம்பியும் கை கால் ஒல்லிதான், தொப்பை மட்டும் எட்டிப் பார்க்கிறது.

கல்லூரிகள் ஜிம் கட்டுகின்றன, சரி. அப்புறம், முதல் பீரியட் முடிந்து வருகிறவனுக்கும் நாலு இட்லி மிச்சம் வையுங்களேன்.