இரண்டாம் மாடி, பட்டு செக்‌ஷன்

29 ஆகஸ்ட் 2025, வெள்ளி

ஆவணிக் கல்யாணக் கூட்டம். காலை பத்தரைக்கு வந்த உசிலம்பட்டி பார்ட்டி மூன்றரைக்குத்தான் எழுந்தது. பொண்ணு, பொண்ணோட அம்மா, ரெண்டு அத்தை, மாமியாராகப் போகிறவர், பணப்பையோடு ஒரு சித்தப்பா. கூட்டமாக வந்தால் யார் பேச்சு அங்கே நிற்கும் என்று முதலில் பார்க்க வேண்டும். அம்மாதான் அதிகம் பேசினார். ஆனால் பொண்ணு ஒவ்வொரு புடவைக்கும் சின்ன அத்தையின் முகத்தைத்தான் பார்த்தாள். அதற்கப்புறம் நான் சின்ன அத்தைக்கு மட்டுமே காட்டினேன். பார்டரைத் திருப்பி, உடலும் கரையும் சேரும் இடத்தில் கோர்வை எப்படிப் பல் பல்லாகப் பின்னியிருக்கிறது என்று விரலால் தடவிப் பார்க்கச் சொன்னேன். தடவியதும் அவர் பேசவில்லை, புடவையை மடியில் வைத்துக்கொண்டார். அரக்கு உடல், மாம்பழக் கரை. 38,000.

இடது காலைத் தாங்கும் இரும்புச் சட்டம், கேலிப்பர், அதன் முழங்கால் பூட்டின் வெளிப்பக்க வளையம் மறுபடி பாதியில் நிற்கிறது. எழுந்து காலை நேராக்கினால் ரெண்டு வளையமும் தானாக இறங்கிப் பூட்ட வேண்டும். இப்போது வெளிவளையத்தைப் புடவைக்கு மேலாகத் தட்டித்தான் இறக்க வேண்டியிருக்கிறது. சித்தப்பா பார்த்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனுஷன்.

2 செப்டம்பர், செவ்வாய்

புதுக் கேலிப்பருக்கு அளவெடுக்க இன்னும் கூப்பிடவில்லை.

7 செப்டம்பர், ஞாயிறு

லீவு கேட்டு வாங்கி டாக்டரிடம் போனேன். இடது கால் எனக்குப் பழகியது, ரெண்டு வயசிலிருந்து அது அப்படித்தான். பயம் வலது காலைப் பற்றி. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அது என் கால் மாதிரியே இல்லை. பக்கச் சக்கரம் வைத்த என் ஸ்கூட்டரில் ஏறும்போது கையால் தூக்கி வைக்கிறேன்.

சின்ன வயசு டாக்டர். போலியோ காலைப் புத்தகத்தில்தான் பார்த்திருப்பார் போல. தயக்கத்தோடு தொட்டார். நாட்டில் கடைசியாக ஒரு குழந்தைக்கு இயற்கையான கிருமியால் போலியோ வந்தது 2011 ஜனவரியில், ஹௌராவில். 2014-இல் போலியோ ஒழிந்துவிட்டது என்று அறிவித்துவிட்டார்கள். நல்ல விஷயம், மனசார நல்ல விஷயம். தம்பி மகளுக்குச் சொட்டு மருந்து போட நானே தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். ஆனால் எங்கள் செட் மிச்சமிருக்கிறது. நாற்பதைத் தாண்டி, ஐம்பதைத் தாண்டி, இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டு.

அவர் பெரிய டாக்டரைக் கூப்பிட்டார். பெரியவர் சொன்னது: அன்று பிழைத்த நரம்புகள், செத்துப்போன நரம்புகளின் தசையையும் சேர்த்துக் கட்டிக் காத்து வந்திருக்கின்றன. இத்தனை வருஷம் இரட்டை வேலை. இப்போது ஓய்கின்றன. போலியோ வந்து பல வருஷம் கழித்து இப்படி வருவது உண்டாம். நல்ல கால் என்று நினைத்த காலிலும் வரும். இதற்கென்று மருந்து கிடையாது. "பலம் வரணும்னு அதிகமா நடக்காதீங்கம்மா. களைப்பு வர்றதுக்கு முன்னாடியே உட்காருங்க."

நட, நட, நடந்தால்தான் கால் நிற்கும் என்று சொல்லிச் சொல்லி வளர்த்தார் அம்மா. டாக்டர் சொன்னதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

12 செப்டம்பர், வெள்ளி

சூப்பர்வைசர் அண்ணாச்சி சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். புரட்டாசி பிறந்தால் பட்டு செக்‌ஷன் ஓய்ந்துவிடும், தீபாவளிக்கு கீழே பேக்கிங்கில் ஆள் வேண்டும், "நீ அங்க உட்கார்ந்தே வேலை பார்க்கலாம்ல, உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவர் கெட்டவர் இல்லை. நான் சேர்ந்த காலத்தில் மாடிப்படி ஏற முடியாமல் நின்றபோது சரக்கு லிஃப்டைத் திறந்துவிட்டவர் அவர்தான். பேக்கிங்கில் விற்பனைக்கான இன்சென்டிவ் கிடையாது என்பது அவருக்கும் தெரியும். அதைச் சொல்லவில்லை.

13 செப்டம்பர், சனி

பேக்கிங். பேக்கிங். ராத்திரி முழுக்க அதே.

16 செப்டம்பர், செவ்வாய்

இதை எழுதி முடித்தால்தான் தூக்கம் வரும்.

பேக்கிங்கில் உட்காரலாம். பில் கவுண்டரில் உட்காரலாம். ஆபீசில் உட்காரலாம். விற்கிற இடத்தில் மட்டும் உட்காரக் கூடாது. கஸ்டமர் நிற்கும்போது ஆள் உட்கார்ந்திருந்தால் மரியாதைக் குறைவு என்கிறார்கள். பட்டு செக்‌ஷனில் கஸ்டமர் எங்கே நிற்கிறார்? அவருக்கு மெத்தை வைத்த நாற்காலி. ஐந்து மணி நேரம் உட்கார்ந்துதான் பார்க்கிறார். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நாங்கள் மட்டும் நிற்கிறோம்.

எங்கள் புளோரில் பெரியவர் ஒருவர் இருக்கிறார், காஞ்சிபுரம் சரக்கு வந்தால் இன்றைக்கும் முதலாளி அவரைத்தான் கூப்பிடுவார். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மதுரை தெற்கு மாசி வீதிக் கடைகளில் தரையில் மெத்தை விரித்து வெள்ளைத் துணி போட்டிருக்குமாம். வருகிறவர்களும் உட்காருவார்கள், காட்டுகிறவரும் சம்மணம் போட்டு உட்காருவார். முந்தியைத் தூக்கி ஒரு வீசு வீசினால் புடவை முழு நீளத்துக்கும் விரிந்து கஸ்டமரின் மடிவரை போய் விழும். கண்ணாடிக் கவுண்டர் வந்த பிறகுதான் ஆட்கள் நிற்க ஆரம்பித்தார்கள். தரையில் என்றால் எனக்கு வேறு பாடு, கேலிப்பரோடு எழுந்திருப்பது பெரிய வேலை. ஆனாலும் உட்கார்ந்து விற்பதுதான் இந்தத் தொழிலின் பழைய வழக்கம் என்று தெரிந்ததில் எனக்கு ஒரு பிடி கிடைத்தது.

சட்டமும் இருக்கிறது. 2021-இல் தமிழ்நாடு கடைகள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். வேலைக்கு நடுவே வாய்ப்பு கிடைக்கும்போது உட்கார எல்லா ஆட்களுக்கும் இருக்கை வைக்க வேண்டும். கேரளத்தில் அதற்கு முன்பே, 2018-இல் வந்துவிட்டது, அங்கே ஜவுளிக்கடைப் பெண்கள் போராடி வாங்கியது. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தனியார் கடையும் சம வாய்ப்புக் கொள்கை எழுதி வைக்க வேண்டும் என்கிறது. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடமென்றால் என்னென்ன வசதி செய்திருக்கிறோம் என்று அதில் சொல்ல வேண்டும். எங்கள் கடையில் ஒரு புளோரிலேயே அதற்கு மேல் ஆள் இருக்கிறோம்.

நான் கேட்பது ஒரு ஸ்டூல். விற்கிற இடத்தில்.

17 செப்டம்பர், புதன்

புரட்டாசி ஒன்று. புளோர் காலி. ஏற்கெனவே மடித்த புடவையைப் பிரித்து மடித்தோம்.

22 செப்டம்பர், திங்கள்

ஜிஎஸ்டி குறைந்துவிட்டதாமே, புடவை எவ்வளவு குறையும் என்று வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். ரெடிமேடில் 1000-க்கு மேல் 2500 வரை 12 சதவீதம் இருந்தது 5 ஆகிவிட்டது, புடவைக்கு முன்னேயும் 5 தான் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. 2500-க்கு மேலே போன ரெடிமேடுக்கு 18 என்று யாரும் கேட்கவில்லை, அது கீழே சுடிதார் செக்‌ஷன் தலைவலி. ஒரு அம்மா, "உண்மையச் சொன்னியே, உங்கிட்டயே எடுக்கிறேன்" என்று சுங்குடியில் ரெண்டு எடுத்தார். சுங்குடி என் செக்‌ஷன் இல்லை. பில் சுங்குடி அக்கா பேரில் போட்டேன்.

25 செப்டம்பர், வியாழன்

அளவெடுக்கக் கூப்பிட்டார்கள்! சனிக்கிழமை.

27 செப்டம்பர், சனி

தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு. இறுகுகிற வரை அசையாமல் இருக்கச் சொன்னார்கள். சூடு ஏறும், அப்புறம் குளிரும். அறுத்து எடுத்தபோது என் காலின் அச்சு தனியாகத் தரையில் நின்றது. அதை வெகுநேரம் பார்த்தேன்.

கேலிப்பர் செய்கிற ஐயா தோல் பட்டையின் அகலத்தைப் பற்றிக் கேட்டார். என்ன வேலை என்றார். சொன்னேன். "நாள் பூரா நிக்கிற வேலையா? அப்ப வளையத்துக்குக் கனமான இரும்பு வைக்கணும்." கனம் வைத்தால் வலது காலுக்குப் பாரம். லேசாக வைத்தால் மறுபடி தேயும். உட்கார இடம் கிடைக்குமா என்று தெரிந்தால்தான் எதைச் சொல்வது என்று எனக்கே தெரியும். முடிவு அடுத்த வாரம் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

28 செப்டம்பர், ஞாயிறு

மனசு சரியில்லை. ஒரு கஸ்டமர். நான் வளையத்தைத் தட்டுவதைப் பார்த்துவிட்டார். கண் கலங்கி, "இதுவே போதும்மா, நீ சிரமப்படாத" என்று முதலில் காட்டியதையே எடுத்துக்கொண்டார். அவருடைய நிறத்துக்கு அந்தப் பச்சை சேராது. நான் அடுத்து எடுக்க இருந்தது கத்திரிப்பூ. அதைக் காட்டவே விடவில்லை.

பில் விழுந்தது, இன்சென்டிவ் வரும். ஆனால் எனக்கு விற்ற மாதிரி இல்லை. நல்ல புடவை ஒன்று அவர் வீட்டுக்குப் போகவில்லை. அந்தப் பச்சையை வீட்டில் யாராவது ஒருத்தர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மாற்ற வந்துவிடுவார். என்னை நம்பி வாங்கினவர்கள் திரும்பி வந்தால் அடுத்த கல்யாணத்துக்கு வருகிறார்கள். இருபது வருஷத்துக்கு மேலாக என் சம்பாத்தியம் அதுதான். செல்லூரிலிருந்து ஒரு குடும்பம், அக்காவுக்கு எடுத்தார்கள், தங்கைக்கு எடுத்தார்கள், இப்போது அக்கா மகள் சடங்குக்குப் போன் பண்ணி நான் இருக்கிறேனா என்று கேட்டுவிட்டு வருகிறார்கள். பேக்கிங்குக்குப் போனால் அவர்களுக்கு என்ன பதில் சொல்வார்கள்?

1 அக்டோபர், புதன்

ஆயுத பூஜை. கத்திரிக்கோல், அளவு ஸ்கேல், பில் மெஷின், லிஃப்ட் கதவு, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். வீட்டில் ஸ்கூட்டரின் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள் தம்பி மகள். அப்புறம் கேட்காமலே கேலிப்பருக்கும் ஒரு பொட்டு வைத்தாள். அம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அம்மாவிடம் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. "நான்தானே நடக்கச் சொன்னேன்" என்றார். நடக்கச் சொன்னதால்தான் இந்த வேலைக்கு வந்தேன், இந்த வீட்டு வாடகை அதில்தான் போகிறது என்று சொன்னேன். அழுதுவிட்டு, இட்லிக்கு மாவாட்டப் போனார்.

5 அக்டோபர், ஞாயிறு

கடிதம் எழுதினேன். தமிழில், ஒரு பக்கம். 22-ஏ, டாக்டர் சீட்டின் நகல், என்னுடைய கடந்த ஆவணி பில் கணக்கு. கணக்கை மேலே வைத்தேன். இரக்கம் காட்டுங்கள் என்ற சொல் எங்கும் வராமல் பார்த்துக்கொண்டேன்.

8 அக்டோபர், புதன்

முதலாளியைப் பார்த்தேன். கடிதத்தை வாசிக்காமல் கணக்கை மட்டும் வாசித்தார்.

"உட்கார்ந்துக்கிட்டு ரேக்ல இருந்து எப்படிம்மா எடுப்ப?"

"எடுத்துக் குடுக்க ஒரு தம்பி இப்பவும் இருக்கான் முதலாளி. எந்த ரேக், எந்தத் தட்டு, மேல இருந்து எத்தனையாவதுன்னு நான் சொல்வேன். அவன் எடுப்பான்."

"கஸ்டமர் ஒண்ணும் நினைக்க மாட்டாங்களா?"

"அவங்க புடவையப் பார்க்குறாங்க."

பார்க்கலாம் என்றார்.

11 அக்டோபர், சனி

ஸ்டூல் வந்தது! உயரமான ஸ்டூல், கால் வைக்கக் கம்பி உள்ளது. கவுண்டர் மட்டத்துக்குச் சரியாக இருக்கிறது. சாய்ந்து உட்கார்ந்தால் இடது காலை நீட்டியபடி வைக்கலாம், வளையத்தைக் கழற்றவே வேண்டாம். தீபாவளிக் கூட்டம், மூச்சு விட நேரமில்லை. ஆனால் ஏழு மணிக்கு என் வலது கால் என்னுடையதாகவே இருந்தது. கை ரெண்டும் புடவைக்குக் கிடைத்தன. இத்தனை நாள் ஒரு கை கவுண்டரைப் பிடித்தபடியே இருந்திருக்கிறது. இனி முந்தியை ரெண்டு கையாலும் விரித்துக் காட்டலாம்.

கேலிப்பர் ஐயாவுக்குப் போன் செய்து லேசான இரும்பே போடச் சொன்னேன்.

12 அக்டோபர், ஞாயிறு

நேற்று எழுதாமல் விட்டதை எழுத வேண்டும்.

டீக்குப் போய்த் திரும்பியபோது பக்கத்து கவுண்டர் பிள்ளை என் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தாள். இருபத்திரண்டு வயசு, திருமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வருகிறாள், மாதவிலக்கு நாள். "உட்காருடி" என்றேன். அதற்குள் அண்ணாச்சி வந்துவிட்டார். "அது அக்காவுக்குன்னு குடுத்தது" என்றார். அவள் நின்றாள். ராத்திரி ஒன்பதரை வரை நின்றாள்.

என் கடிதத்தில் எல்லா ஆட்களுக்கும் என்று சட்டத்தில் உள்ளதை அப்படியே எழுதியிருந்தேன். வந்தது ஒன்றே ஒன்று. நான் உட்கார்ந்திருக்க, என்னைச் சுற்றிப் பிள்ளைகள் நிற்கிறார்கள். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. அக்காவுக்கு வேண்டியதுதான் என்கிறார்கள். அந்த 'வேண்டியதுதான்' எனக்கு உறுத்துகிறது. அவர்களுக்கும் கால் வலிக்கிறது. பெரியவரின் கணுக்காலில் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

14 அக்டோபர், செவ்வாய்

விளக்குத்தூணிலேயே தடுப்பு போட்டுவிட்டார்கள், வண்டி உள்ளே போகாது. மாற்றுத்திறனாளி கார்டை எடுப்பதற்குள் போலீஸ்காரர் சக்கரத்தைப் பார்த்துவிட்டு வழி விட்டார். கூட்டத்துக்குள் ஹாரன் அடிக்காமல் ஊர்ந்து போனேன்.

15 அக்டோபர், புதன்

ஒன்றும் எழுத முடியவில்லை. நல்ல வியாபாரம்.

16 அக்டோபர், வியாழன்

பெரியவரிடம் பேசினேன். தீபாவளி முடிந்ததும் எல்லாருமாகச் சேர்ந்து முதலாளியிடம் போகலாம், ரெண்டு கவுண்டருக்கு ஒரு ஸ்டூல் என்றாவது கேட்கலாம் என்றேன். "தீபாவளி கழிஞ்சா யாரு கேப்பா? கூட்டம் இருக்கும்போதுதான் நம்ம அருமை தெரியும்" என்றார். அது சரி. அப்படியென்றால் இந்த சனிக்கிழமைக்குள். யார் யார் கையெழுத்துப் போடுவார்கள்? திருமங்கலத்துப் பிள்ளை போடுகிறேன் என்கிறாள். சுங்குடி அக்கா வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். மற்றவர்களுக்கு போனஸ் இன்னும் கையில் வரவில்லை, பயப்படுகிறார்கள், நியாயம்.

செல்லூர்க் குடும்பம் நாளை பத்து மணிக்கு வருகிறது. அக்கா மகளுக்கு. மயில் கழுத்து ரெண்டு, ஆரஞ்சு ஒன்று தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். கடிதத்தை ராத்திரியே எழுதிவிட வேண்டும்.