சிரட்டை, களிமண், மணல் தட்டு: அங்கன்வாடி நாட்குறிப்பு

செப்டம்பர் 8, 2025, திங்கள்

காலையில் நான் அங்கன்வாடிப் பூட்டைத் திறக்கும் முன்பே, இங்கே வரும் ஒரு பையனின் அம்மா வாசலில் நின்றிருந்தாள். செங்கல் சூளைக்கு ஆள் ஏற்றும் வண்டி வரும் நேரம். "டீச்சர், இவனுக்கு மூணே முக்கால் வயசாச்சு. இன்னும் ஒரு 'அ' போடத் தெரியலை. எங்க நாத்தனார் மக ஏபிசிடி முழுசும் எழுதுறா. இவன் இங்க வந்து விளையாடிட்டுத்தானே போறான்?" என்றாள். கோபம் இல்லை, கவலைதான். எட்டாவதோடு படிப்பு நிறுத்தப்பட்டவள். தன் மகன் எழுத வேண்டும் என்று அவள் ஆசைப்படுவதில் ஒரு பிழையும் இல்லை. வண்டி ஹாரன் அடித்தது. சாவகாசமாகப் பேசுவோம்மா என்று சொல்லி அனுப்பினேன்.

அவள் விளையாட்டு என்று சொன்னது என்ன என்பதை இன்று முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். பார்த்ததை எழுதி வைக்கிறேன்.

உதவியாளர் அக்கா திண்ணையில் அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு சிரட்டை, ஒல்லியான உயரப் பாட்டில் ஒன்று, வாய் அகன்ற டப்பா ஒன்று. அவன் சிரட்டையில் மொண்டு பாட்டிலில் ஊற்றினான். பாதிக்கு மேல் கீழே போனது. மறுபடி ஊற்றினான், மறுபடி சிந்தியது. பிறகு பாட்டிலை இரண்டு முட்டிக்கும் நடுவே இடுக்கிக்கொண்டான். சிரட்டையின் விளிம்பைப் பாட்டில் வாயோடு ஒட்ட வைத்து மெதுவாகச் சாய்த்தான். நாக்கு ஒரு பக்கமாக வெளியே வந்திருந்தது. "ஒண்ணு, ரெண்டு, நாலு" என்று எண்ணினான். மூன்றை விட்டுவிட்டான், நான் திருத்தவில்லை. பாட்டில் நிரம்பியதும் அதை அப்படியே டப்பாவில் கவிழ்த்தான். டப்பா அரைகூட நிரம்பவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தான். டப்பாவைத் தூக்கி அடியில் ஓட்டை இருக்கிறதா என்று தடவிப் பார்த்தான். "ஆயா, தண்ணியக் காணோம்!"

யாரும் சொல்லாமலே அதைத் திரும்பத் திரும்ப ஏழு முறை செய்தான். பியாஜே என்ற அறிஞர் இதே போல ஒரே அளவு தண்ணீரைக் குட்டைக் குவளையிலிருந்து உயரக் குவளைக்கு மாற்றிக் காட்டித்தான், சின்னப் பிள்ளைகளின் கண்ணுக்கு உயரமானது எல்லாம் 'அதிகம்' என்றே தெரியும் என்று சொன்னார். ஆறு, ஏழு வயதில்தான் அது தெளியும். வாயால் சொல்லிக்கொடுத்து அதைத் தெளிய வைக்க முடியாது. இன்று அவன் டப்பாவின் அடியைத் தடவினானே, அந்தச் சந்தேகம் அவனுக்குத் தானாக வந்திருக்கிறது. கணக்குப் பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

செப்டம்பர் 11, வியாழன்

மானாமதுரைக் குயவர் தெருவிலிருந்து ஒரு சாக்கு களிமண் வந்தது. கடத்துக்கும் மண்பானைக்கும் பேர்போன மண். பானைக்குப் பிசைந்ததில் மிஞ்சியதைக் காசு வாங்காமல் கொடுத்தார்கள். கல் இல்லை, நெருநெருப்பு இல்லை, வெண்ணெய் மாதிரி வழுக்குகிறது.

பதினான்கு பிள்ளைகள், பதினான்கு உருண்டை. முதல் பத்து நிமிடம் யாரும் எதுவும் செய்யவில்லை. அமுக்கினார்கள், கிள்ளினார்கள், முகர்ந்து பார்த்தார்கள். அப்புறம் பாம்பு வந்தது. எந்த ஊர்ப் பிள்ளையும் முதலில் பாம்புதான் செய்யும், உருட்டினாலே வந்துவிடும் என்பதால். பாம்பைச் சுருட்டினால் முறுக்கு, வட்டமாக ஒட்டினால் வளையல். அவன் வளையலைக் கீழே வைத்து, ஒரு பக்கம் வாலாக இழுத்துவிட்டு, "டீச்சர், இது தோசைக் கரண்டி" என்றான். பார்த்தால் அசல் 'அ'வின் தலைப்பகுதி. நான் ஒன்றும் சொல்லவில்லை. அது கரண்டியாகவே இருக்கட்டும்.

பெரியவர்களுக்கு மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் உண்டு. மூன்று வயதுப் பிள்ளையின் கையை எக்ஸ்ரே எடுத்தால் அதில் பாதிகூடத் தெரியாது. மற்றவை இன்னும் குருத்தெலும்பாக இருக்கும். எட்டும் தெரிய ஒன்பது வயதுக்கு மேல் ஆகும். பென்சிலைக் கொடுத்தால் இந்த வயதில் உலக்கை மாதிரி முழுக்கையால் பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அந்தக் கையை இரட்டைக் கோட்டு நோட்டுக்குள் நிறுத்தினால் தோளிலிருந்து இறுக்கித்தான் எழுத முடியும். எழுதி முடித்துக் கையை உதறும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். 'கை வலிக்குது' என்று சொல்லத் தெரியாமல் 'எழுத மாட்டேன்' என்று சொல்லும். நாம் அதை அடம் என்போம்.

களிமண்ணை அமுக்குவது, புளியங்கொட்டையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்குவது, பூக்கட்டும் நாரில் முடிச்சு அவிழ்ப்பது, இவையெல்லாம் பென்சிலுக்கான வேலைதான்.

செப்டம்பர் 19, வெள்ளி

பிள்ளைகளின் எடை, உயரம் எடுத்துப் போஷன் டிராக்கர் என்ற கைபேசிச் செயலியில் ஏற்றுவதிலேயே பாதி நாள் போய்விட்டது. சிக்னல் கிடைக்கவில்லை.

சிவப்பு ரிப்பன் கட்டி வருவாளே, அவள் இன்றோடு நின்றுவிட்டாள். நர்சரி பள்ளியில் சேர்க்கிறார்களாம். அங்கே வீட்டுப்பாடம் தருகிறார்கள் என்று அவள் அப்பத்தா பெருமையாகச் சொன்னார். பாப்பாவுக்கு இன்னும் நான்கு வயது ஆகவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது பிள்ளைகள் அவள் இடத்தை விட்டுவிட்டே உட்கார்ந்தார்கள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

செப்டம்பர் 24, புதன்

நவராத்திரி தொடங்கிவிட்டது. விஜயதசமிக்கு எழுத்துப் போட வேண்டும் என்று எல்லா வீட்டிலும் பேச்சு. மணல் தட்டை வெளியே எடுத்தேன். பழைய எவர்சில்வர் தட்டு, சலித்த வைகை மணல். ஒரு விரலால் கோடு போடலாம், பிடிக்கவில்லை என்றால் தட்டை ஆட்டினால் போதும், அழிந்துவிடும். தப்பு என்று ஒன்று அதில் தங்குவதே இல்லை. ரப்பர் போட்டு அழித்து நோட்டுக் கிழிந்த பயம் பிள்ளைக்கு வராது.

இது நான் கண்டுபிடித்ததல்ல. திண்ணைப் பள்ளியில் நம் முன்னோர் மணலில்தான் விரலை வைத்தார்கள். ஓலையும் எழுத்தாணியும் கை பழகிய பிறகே. 1789இல் சென்னை எழும்பூரில் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை இல்லத்துக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தன் இல்லத்திலும் அதைக் கொண்டுவந்தார். 1797இல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகம் போட்டார். இங்கிலாந்துப் பள்ளிகளுக்கு மணல் தட்டு போனது இந்த வழியில்தான். 1939இல் அடையாறு வந்து, போர்க் காலம் முழுவதும் சென்னையிலும் கொடைக்கானலிலுமாக இந்தியாவிலேயே தங்க நேர்ந்த மரியா மாண்டிசோரி அம்மையாரும், உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவவைத்த பிறகுதான் எழுதச் சொன்னார்.

விரல் முதலில், பென்சில் பிறகு. நம் வீட்டு வழக்கமே அதுதான். விஜயதசமிக்கு அரிசியில்தானே விரல் வைக்கிறோம்? அடுத்த நாளே நோட்டை வாங்கி நூறு முறை எழுத வைப்பதுதான் இடையில் வந்த வழக்கம்.

செப்டம்பர் 26, வெள்ளி

தாய்மார் கூட்டம். பதினோரு பேர் வந்தார்கள். அவன் அம்மாவும் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தாள்.

சொற்பொழிவு எதுவும் செய்யவில்லை. ஆளுக்கு ஒரு தாள், ஒரு பென்சில் கொடுத்தேன். "இடது கையால் உங்க பேரை எழுதுங்க. கோட்டுக்குள்ள அழகா இருக்கணும். ரெண்டு நிமிஷம்தான்." முதலில் சிரிப்பு. அப்புறம் சத்தம் அடங்கிவிட்டது. உதட்டைக் கடித்தார்கள், தாளைத் திருப்பினார்கள். நான் பின்னால் நடந்துகொண்டே, "இன்னும் முடியலையா? பக்கத்துல பாருங்க, அவங்க முடிச்சிட்டாங்க" என்றேன். ஒரு பெண் தாளைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

அவன் அம்மா பென்சிலைக் கீழே வைத்துவிட்டு விரலை மடக்கி மடக்கி நீட்டினாள். "கை கடுக்குது டீச்சர்." வேறு எதுவும் சொல்லவில்லை. எல்லோரும் சிறிது நேரம் தங்கள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு பிள்ளைகளோடு கலந்து உட்கார வைத்தேன். நம் பாடத்திட்டத்தின் பெயரே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா'. அதை அம்மாக்களும் ஒரு மணி நேரம் செய்தார்கள். புளியங்கொட்டையின் ஒரு பக்கத்தை உரசி வெள்ளையாக்கித் தாயக்கட்டைக்குப் பதில் உருட்டினார்கள். தங்கள் வீட்டுப் பிள்ளை ஐந்து வரை தப்பில்லாமல் நகர்த்துவதைப் பார்த்துவிட்டு, "இவளுக்கு எண்ணத் தெரியுமா?" என்று ஒரு தாய் என்னைக் கேட்டாள்.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமியும் காந்தி ஜெயந்தியும் ஒரே நாளில். அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியதும் 1975 அக்டோபர் 2இல்தான். நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் தொடங்கியது. இன்று ஐம்பது ஆண்டு நிறைகிறது. சத்துமாவும் முட்டையும் என்றால் எல்லோருக்கும் அங்கன்வாடி நினைவுக்கு வரும். முன்பருவக் கல்வியும் அதே நாளில் சேர்ந்து பிறந்ததுதான் என்பது பலருக்கு நினைவில் இல்லை. அதைச் சொல்லிச் சொல்லித்தான் நிலைநிறுத்த வேண்டும், நான் சொல்வேன்.

காலையில் அவன் வீட்டுக்கு அழைத்திருந்தார்கள். தாம்பாளத்தில் பச்சரிசி. தாத்தா மடியில் உட்கார்த்தி, சுட்டுவிரலைப் பிடித்து 'அ' போட்டார். அரிசி விரலுக்கடியில் நகர்வது அவனுக்குப் பிடித்துவிட்டது. கையை விடுவித்துக்கொண்டு தானாக ஒரு சுழி போட்டான், அதிலிருந்து நீளமாக ஒரு வால். "கரண்டி" என்று என்னைப் பார்த்துச் சொன்னான். அவன் அம்மா பூஜைத் தட்டோடு நின்றபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புது நோட்டு ஒன்றும் சாமிக்கு முன்னால் இருந்தது. இரட்டைக் கோடு.

அக்டோபர் 8, புதன்

கடை விளையாட்டு. மூன்று நாளாக ஓடுகிறது, எனக்கு நிறுத்த மனமில்லை. சிரட்டைத் தராசு, இலைகள் கீரை, கூழாங்கல் உருளைக்கிழங்கு, கிழித்த காலண்டர் தாள் ரூபாய். ஒருத்தி வாங்க வருகிறாள், பேரம் பேசுகிறாள், "போன வாரம் பத்து ரூவாதானே?" என்று தன் அம்மாவின் குரலிலேயே கேட்கிறாள். இத்தனை நீளமாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

கடைக்காரன் அவன். நேற்று ஒரு குழப்பம்: யார் என்ன வாங்கினார்கள் என்று சண்டை வந்துவிட்டது. இன்று காலை வந்ததும், "டீச்சர், சீட்டு எழுதணும்" என்று கேட்டான். பென்சிலை அவனாகக் கேட்டது இதுதான் முதல் தடவை. குட்டையான தடித்த பென்சிலும் பழைய காலண்டர் தாளின் பின்பக்கமும் கொடுத்தேன். ஒவ்வொருவர் வாங்கியதற்கும் ஒரு கோடு போட்டான். ஒன்று அலை அலையாக, ஒன்று சுழி சுழியாக, ஒன்று வெறும் புள்ளிகள். இடமிருந்து வலமாக, ஒன்றன் கீழ் ஒன்றாக. கடைசியில் தோசைக் கரண்டி ஒன்று.

சாயங்காலம் சூளையிலிருந்து வந்த அவன் அம்மா தாளை வாங்கிப் பார்த்தாள். முகம் கொஞ்சம் வாடியது. "என்னடா இது, கிறுக்கி வச்சிருக்க?"

"சீட்டும்மா. இது கீரை. இது உருளைக்கிழங்கு. இது புளி, பத்து ரூவா."

அவள் என்னைப் பார்த்தாள், நான் சும்மா இருந்தேன். தாளைத் தலைகீழாகத் திருப்பி அவனிடம் நீட்டி, "புளி எங்க இருக்கு, சொல்லு" என்றாள். அவன் தாளை நேராகத் திருப்பி வைத்துக்கொண்டு, புள்ளிகள் போட்ட வரிசையில் விரலை வைத்தான். அவள் வேண்டுமென்றே கொஞ்ச நேரம் வேறு என்னவோ பேசிவிட்டு மறுபடி கேட்டாள். விரல் அதே வரிசைக்குத்தான் போனது.

"அப்ப இது?" என்று கடைசி வரியைக் காட்டினாள்.

"அது எழுத்தும்மா. தாத்தா போட்டது."

செங்கல் தூசி படிந்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வாசலில் செருப்பு மாட்டும்போது, "நாளைக்கு ஒரு படி புளியங்கொட்டை கொண்டாரேன் டீச்சர், வீட்ல கிடக்கு" என்றாள்.