கிளப்பை இடம் மாற்றிய நான்கு மாதங்கள்

கட்டடத்தைக் காலி செய்யச் சொல்லிப் பல்கலைக்கழகப் பதிவாளரிடமிருந்து கடிதம் வந்தபோது, நான் ஊழியர் மனமகிழ் மன்றத்தின் செயலாளராகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. கடிதத்தில் தப்பு சொல்ல முடியாது. எங்கள் கட்டடத்துக்கு மெட்ராஸ் டெரஸ் கூரை. தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைக் குத்தாகச் சாய்த்து அடுக்கி, சுண்ணாம்புச் சாந்து போட்டு எழுப்பும் பழைய சென்னை முறை. கேரம் அறையில் இரண்டு உத்தரங்களைக் கரையான் தின்றிருந்தது. பார்க்க வந்த பொறியாளர் ஸ்குரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்தினார். பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. "அடுத்த மழைக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்" என்றார். நான்கு மாதம் அவகாசம் கொடுத்தார்கள்.

அன்று ராத்திரியே ஓய்வுபெற்ற மூத்த உறுப்பினர் ஒருவர் போன் செய்தார். "தம்பி, எங்க வேணா போங்க. ஆனா ஒரு நாள்கூடப் பூட்டாதீங்க. ரெண்டு மாசம் பூட்டின கிளப் திரும்பத் திறந்து நான் பார்த்ததில்ல" என்றார். பிறகு செய்ததையெல்லாம் இந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் செய்தோம். பேராசிரியரும் அலுவலக உதவியாளரும் ஒரே கேரம் போர்டில் எதிரெதிரே உட்காரும் இடம் எங்கள் வளாகத்தில் வேறு கிடையாது. மாலை ஐந்தரை மணிக்குக் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பும் பழக்கம் விட்டுப்போனால், புதுக் கட்டடம் கிடைத்தும் பிரயோசனமில்லை.

முதலில் வளாகத்துக்குள் இடமில்லை என்றே சொன்னார்கள். எனவே வெளியே வாடகைக்குத் தேடினோம். மூன்று வீடு பார்த்தோம். முதல் வீட்டில் எல்லாம் பேசி முடித்து, முன்பணம் கொடுக்கும் நேரத்தில் உரிமையாளர் அம்மா எங்கள் லெட்டர்ஹெட்டைப் பார்த்தார். "மனமகிழ் மன்றம்னா பார்தானே சார்? வயசுப் பொண்ணு இருக்கிற வீடு" என்று சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கிளப்புகளுக்குத் தரும் எஃப்.எல்.2 என்ற மது உரிமத்தை வைத்துக்கொண்டு இந்தப் பெயரில் மதுக்கூடம் நடத்துபவர்கள் பெருகிவிட்டார்கள். கேரமும் செய்தித்தாளும் டீயும் மட்டுமே உள்ள எங்களைப் போன்றவர்களுக்கு அந்த அழகான பெயரே பாரமாகிவிட்டது. மற்ற இரண்டு வீட்டிலும் ஏறக்குறைய இதே கதைதான்.

மறுபடியும் பதிவாளரிடம் போனோம். இந்த முறை வெறும் கோரிக்கையாக இல்லாமல், வளாக வரைபடத்தில் பயன்பாட்டில் இல்லாத கட்டடங்களைக் குறித்து எடுத்துப் போனோம். அதில் ஒன்று பழைய ஆண்கள் விடுதியின் மெஸ். புது மெஸ் வந்த பிறகு உடைந்த கட்டில் போட்டு வைத்திருந்தார்கள். பத்தே நாளில் அனுமதி வந்தது. "இடம் கொடுங்கள்" என்று கேட்பதைவிட "இந்த இடத்தைக் கொடுங்கள்" என்று கேட்டால் கோப்பு நகர்கிறது.

அங்கே நாங்கள் செலவு செய்த முதல் வேலை பெண்களுக்கான கழிப்பறை. பழைய கட்டடத்தில் அது கிடையாது. பெண் உறுப்பினர்களுக்கு மாதாமாதம் சம்பளத்தில் சந்தா பிடித்தம் நடக்கும். அவர்கள் வருவதோ பொங்கல் விழாவுக்கு மட்டும். ஏன் என்று நாங்களும் கேட்டதேயில்லை. கணக்குப் பிரிவு மேடம் ஒருவர் செயற்குழுவில் எழுந்து, "வந்தா எங்க சார் போறது?" என்று கேட்ட பிறகுதான் உறைத்தது. இத்தனை வருடம் நடந்தது அநியாயம்.

அப்புறம் பில்லியர்ட்ஸ் மேசை. முழு அளவு மேசை. பன்னிரண்டு அடிக்கு ஆறு அடி, எட்டுக் கால், ஒரு டன்னுக்கு மேல் எடை. ஆடுவது ஏழெட்டுப் பேர்தான் என்பதால் விற்றுவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். வரலாற்றுத் துறைப் பேராசிரியர் ஒருவர் விடவில்லை. இதே மேசையில் ஆடும் ஸ்னூக்கர் ஆட்டம் 1875இல் ஜபல்பூரில் ராணுவ அதிகாரிகள் மத்தியில் பிறந்ததையும், அதன் விதிகள் 1882இல் நம் ஊட்டி கிளப்பில் வரையப்பட்டு மாட்டப்பட்டதையும் சொல்லி, "நம்ம மண்ணோட ஆட்டத்தை நாமே பழைய இரும்புக் கடைக்குப் போடுறதா?" என்றார். வாக்கெடுப்பே தேவைப்படவில்லை.

அதைக் கழற்றிய நாளை நான் மறக்க மாட்டேன். முப்பது வருடத்துக்கு மேல் அந்த மேசையைப் பார்த்துக்கொண்ட மார்க்கர் ஐயாதான் முன்நின்றார். முதலில் ஆறு வலைகளையும் கழற்றினார். பிறகு குஷன். அதன் பிறகு பச்சைத் துணியின் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். துணி கிழியாமல் சுருட்டி வர ஒன்றரை மணி நேரமானது. அடியில் ஐந்து கற்பலகைகள். ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் எண்ணும் அம்புக்குறியும் போட்டார். ஆறு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய பலகை. ஆட்கள் அதைக் குட்டி யானை வண்டியில் படுக்கவைக்கப் போனபோது ஐயா ஓடிவந்து மறித்தார். "படுக்கப் போட்டா ஒரு குழியில இறங்கினாலே நடுவுல வெடிச்சிடும். குத்தா நிறுத்துங்க" என்றார். சாக்கும் வைக்கோலும் அணைகொடுத்து நிறுத்தி, மூன்று நடையில் கொண்டுபோனோம்.

அங்கே போய் மாட்டிய பிறகுதான் வேறு சிக்கல். மெஸ் தரை கழுவிவிட வசதியாக வடிகால் பக்கம் சரிந்திருக்கும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. நடந்தால் தெரியாது, பந்தை வைத்தால் மெதுவாக உருண்டு போகிறது. ஐயா ரசமட்டத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் வைத்துப் பார்த்து, கால்களுக்கடியில் இரும்புத் தகடு செருகினார். ஒரு காலை ஏற்றினால் இன்னொரு பக்கம் மாறும். இரண்டு நாள் இதே வேலை. கற்பலகை மூட்டுகளை அடைத்துத் தேய்த்து, உள்ளங்கையால் தடவிப் பார்த்து, மேலே புதுத் துணி விரித்தார். அந்தக் கம்பளித் துணிக்கு மயிர்வாக்கு உண்டு, அதாவது இழை ஒரே திசையில் படிந்திருக்கும். பந்து அடித்துத் தொடங்கும் முனையிலிருந்து எதிர்முனைக்குப் படிய வேண்டும். மாற்றி விரித்தால் மெதுவாகப் போகும் பந்து திசை விலகும். கடைசியில் வெள்ளைப் பந்தை நடுவில் வைத்துவிட்டுக் கைகட்டி நின்றார். பந்து நின்றது. அப்போதும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இந்த நாட்களிலெல்லாம் மாலை ஆட்டம் நிற்கவில்லை. இரண்டு கேரம் போர்டு, ஒரு குண்டு பல்பு, டீ பிளாஸ்க், பேப்பர். சைக்கிள் ஷெட்டில் ஐந்து வாரம் நடத்தினோம். மழை பெய்த ஒரு நாள் நான்கு பேர்தான் வந்தார்கள். அன்றும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கினேன்.

காகித வேலை பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் அதிகம் திணறினோம். எங்கள் மன்றம் 1960களில் பதிவானது. இப்போது 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் வருகிறது. துணைவிதியிலேயே பழைய முகவரி எழுதியிருந்ததால், மாற்றுவதற்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டியிருந்தது. 21 நாள் முன்னறிவிப்பு கொடுத்துப் பொதுக்குழு கூட்டி, வாக்களித்தவர்களில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு வாங்கினோம். அதை எடுத்துக்கொண்டு மாவட்டப் பதிவாளர் அலுவலகம் போனால், மூன்று ஆண்டுக் கணக்கும் உறுப்பினர் பட்டியலும் தாக்கல் ஆகவில்லை என்று தெரிந்தது. எங்கள் பக்கத் தவறுதான். பழைய ரசீதுகளைத் தேடி, தணிக்கை முடித்து, அபராதத்தோடு கட்டிவிட்டு வர ஆறு வாரம். இடம் மாறப்போகிற சங்கம் எதுவானாலும், சாமான் கட்டுவதற்கு முன்னால் இந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள். பான் அட்டை, வங்கிக் கணக்கு முகவரியெல்லாம் அதற்குப் பின் சுலபமாக முடிந்துவிட்டன. மின்சாரத்துக்குத் துணை மீட்டர் வைத்துக்கொண்டோம். மாதாமாதம் பல்கலைக்கழகத்துக்குக் கட்டுகிறோம்.

இன்னும் முடியாதது பூப்பந்து மைதானம். பழைய இடத்தில் வேப்பமரத்துக்குப் பக்கத்தில் 24 மீட்டருக்கு 12 மீட்டர் தளம் இருந்தது. மஞ்சள் கம்பளிப் பந்து சில சமயம் கிளையில் மாட்டிக்கொள்ளும். மெஸ்ஸுக்குப் பின்னால் அவ்வளவு நிலம் இருக்கிறது, முள்செடிதான் மண்டிக் கிடக்கிறது. போன சனிக்கிழமை பதினைந்து பேர் வெட்டினோம். அந்தக் கணக்குப் பிரிவு மேடமும் அரிவாளோடு வந்திருந்தார். வலைக் கம்பத்துக்கு ஒரு குழி தோண்டியாகிவிட்டது. மற்றதற்குக் கீழே பாறை தட்டியதால் கடப்பாரை கேட்டிருக்கிறோம்.