பதினோரு தளங்களும் ஒரு கைக்கடிகாரமும்

சேலத்துக்காரர்களுக்குப் படகு என்றால் ஏற்காட்டு ஏரியில் காலால் மிதித்து ஓட்டும் படகும், தண்ணீர் என்றால் மேட்டூர் அணையும்தான் முதலில் நினைவுக்கு வரும். கடலைப் பார்க்க வேண்டுமானால் இரவு ரயில் ஏற வேண்டும். அந்த ஊரிலிருந்து, 2022 ஜூன் மாத நடுவில், நானும் என் மகளும் மட்டும் சென்னைக்குச் சென்று, இரண்டு இரவுகள் வங்கக் கடலில் இருந்துவிட்டு அதே துறைமுகத்துக்குத் திரும்பும் சுற்றுலாக் கப்பலில் பயணம் செய்தோம். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் என் கணவரால் ஆர்டர் வேலைகளை விட்டுவிட்டு வர இயலவில்லை.

இந்தப் பயணத்துக்கு ஒரு காரணம் இருந்தது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது என் மகள் எட்டாம் வகுப்பில் இருந்தாள். ஒன்பதாம் வகுப்பைக் கைப்பேசித் திரையிலேயே படித்து, தேர்வு எழுதாமலே தேர்ச்சி பெற்றாள். 2022 மே மாதம் அவள் எழுதிய பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுதான், அவள் வாழ்க்கையில் முறையாக ஒரு கூடத்தில் அமர்ந்து எழுதிய முதல் பெரிய தேர்வு. வீட்டுக்குள் சிறுமியாகப் போனவள் வெளியே வரும்போது என் உயரத்துக்கு வளர்ந்திருந்தாள். ஆனால் பள்ளிக்கு வேன், டியூஷனுக்கு என் ஸ்கூட்டர் என்று இருந்ததால், ஊருக்குள் இருக்கும் ஐந்து ரோடு சந்திப்பு வரைகூடத் தனியாகப் போய்வந்ததில்லை. பதினைந்து வயதுப் பெண்ணை எங்கே, எப்படித் தனியாக நடக்க விடுவது என்ற கேள்வி எனக்குள் பல மாதங்களாக இருந்தது. அந்த ஜூன் 4 அன்றுதான் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சென்னையிலிருந்து கார்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பலைக் கொடியசைத்துத் தொடங்கி வைத்தார். அந்தச் செய்தியைப் படித்தபோது, சுற்றிலும் எல்லை உள்ள, வண்டி ஓடாத, இரண்டு நாளில் தெருக்களெல்லாம் பழகிவிடக்கூடிய ஒரு சிற்றூராகவே அந்தக் கப்பல் எனக்குத் தோன்றியது.

அறையைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அவளிடமே விட்டேன். சன்னல் இல்லாத உள்ளறை, கடல் தெரியும் கண்ணாடி சன்னல் உள்ள அறை, பால்கனி அறை என்று விலை ஏறிக்கொண்டே போகிறது. தளங்களின் வரைபடத்தை இரண்டு நாள் படித்துவிட்டு, கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில், சன்னல் உள்ள ஓர் அறையைக் காட்டினாள். ஊஞ்சலின் நடுவில் உட்கார்ந்தால் ஆட்டம் குறைவு என்பதைப் போல, கப்பலின் நடுவிலும் தாழ்விலும் அசைவு குறைவாக இருக்கும் என்று அவளாகவே தெரிந்துகொண்டிருந்தாள்.

ஏற்காடு எக்ஸ்பிரஸில் அதிகாலை சென்ட்ரலில் இறங்கி, ஓர் உறவினர் வீட்டில் குளித்துச் சாப்பிட்டுவிட்டு, துறைமுகத்துக்குப் போனோம். ஆதார் சரிபார்ப்பு, பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுதல், பாதுகாப்புச் சோதனை என்று விமான நிலையத்தைப் போன்ற நடைமுறைதான். சோதனை முடிந்து வெளியே வந்ததும் எதிரே நின்ற கப்பலைப் பார்த்து இருவரும் சற்று நேரம் பேசாமல் நின்றோம். பதினோரு தளங்கள், ஏறத்தாழ 211 மீட்டர் நீளம். 1990இல் பிரான்சின் சாந்நசேர் கப்பல்தளத்தில் வேறொரு பெயரில் கட்டப்பட்ட கப்பல் அது; என் திருமணத்துக்கும் முந்தையது. அதன் 48,563 டன் என்ற அளவு எடையைக் குறிப்பதன்று, உள்ளே மூடப்பட்டிருக்கும் இடத்தின் கொள்ளளவைக் குறிப்பது என்று மகள் விளக்கினாள்.

புறப்படும் முன் எல்லாரும் கலந்துகொள்ள வேண்டிய பாதுகாப்புப் பயிற்சி நடந்தது. ஏழு குறுகிய ஒலிகளும் ஒரு நீண்ட ஒலியும் தொடர்ந்து கேட்டால், அவரவருக்குரிய கூடுமிடத்துக்குப் போக வேண்டும். மின்தூக்கியைப் பயன்படுத்தக் கூடாது. பலர் இதைச் சடங்காக எண்ணி அரட்டை அடித்துக்கொண்டிருந்தனர். 1912இல் டைட்டானிக் மூழ்கிய பிறகு உலக நாடுகள் கூடி எழுதிய விதிகளின் தொடர்ச்சி இது என்பதை நினைத்தால் எவரும் அப்படி நிற்க மாட்டார்கள். பயிற்சி முடிந்ததும் மகளிடம் என் நிபந்தனையைச் சொன்னேன்: "அறையிலிருந்து கூடுமிடத்துக்கு மாடிப்படி வழியா ரெண்டு தடவை நீயே போய்க் காட்டு கண்ணு. அப்புறம் இந்தக் கப்பல்ல எங்க வேணும்னாலும் தனியாப் போ." அவள் மூன்று தடவை போய்க் காட்டினாள்.

சூதாட்டக்கூடத்துக்கும் மது அருந்தும் இடங்களுக்கும் சிறார் போக அனுமதி இல்லை. அவற்றைத் தவிர மற்ற எல்லா இடங்களும் அவளுடையவை என்று முடிவு செய்தோம். கரை விலகியதும் கைப்பேசி இணைப்பு போய்விடும் என்பதால், இணையத்துக்குத் தனியாகப் பணம் கட்டாமல், என் அப்பாவின் பழைய எச்.எம்.டி. கைக்கடிகாரத்தை அவள் கையில் கட்டிவிட்டேன். காலை பத்து, மதியம் ஒன்று, மாலை நான்கு, இரவு ஏழு ஆகிய நேரங்களில் மேல்தளத்தின் பின்பக்கம், படிக்கட்டுக்கு அருகிலுள்ள நாற்காலிகளில் சந்திக்க வேண்டும். ஒருவர் வரத் தாமதமானால் மற்றவர் தேடிப் போகக் கூடாது, இருந்த இடத்திலேயே காத்திருக்க வேண்டும். இருவரும் தேடத் தொடங்கினால் ஒருவரையொருவர் தவறவிடுவோம் என்ற அந்தக் கடைசி விதியைச் சேர்த்தவள் அவள்தான்.

கப்பல் துறைமுகத்தை விட்டு நகர்ந்த காட்சியைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும். சென்னையில் இயற்கையான விரிகுடா கிடையாது. திறந்த கடலில் அலைதடுப்புச் சுவர்களைக் கட்டி உருவாக்கிய துறைமுகம் அது. அந்தச் சுவர்கள் வந்த பிறகுதான் தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்து அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையை அரித்தது. சுவர்களுக்கு நடுவே கப்பலை வெளியே கொண்டுபோகும் பொறுப்பு, அந்த நீரின் ஆழமும் ஓட்டமும் தெரிந்த துறைமுக வழிகாட்டி மாலுமிக்கு உரியது. வெளிக்கடலை அடைந்ததும் ஒரு சிறு படகு எங்கள் கப்பலின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டே ஓடிவர, அந்த மனிதர் கயிற்றேணி வழியாக இறங்கி, இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும்போதே படகில் கால் வைத்தார். மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். கலங்கிய பச்சையாக இருந்த நீர் மறுநாள் காலையில் கருநீலமாகியிருந்தது.

ஏற்காட்டு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பத்தாவதற்குள் வாந்தி எடுக்கும் என் மகளுக்குக் கடலில் ஒன்றும் ஆகவில்லை; எனக்குத்தான் அன்று காலை தலை சுற்றியது. உடல் உணரும் அசைவும் கண் காணும் காட்சியும் ஒத்துப்போகாததே இந்தக் குமட்டலுக்குக் காரணம் என்பதால், அறையைவிட்டு வெளியே வந்து தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையோடு எடுத்துச் சென்ற இஞ்சி மரப்பாவும் உதவியது.

பத்து மணிச் சந்திப்புக்கு அவள் ஒரு தாளோடு வந்தாள். தொடுவானம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பத்தாம் வகுப்புக் கணக்கிலேயே கண்டுபிடித்துவிட்டாளாம். வட்டத்துக்குத் தொடுகோடு, பிதாகரஸ் தேற்றம், பூமியின் ஆரம் 6,400 கிலோமீட்டர், நாங்கள் நிற்கும் உயரம் நீரிலிருந்து 30 மீட்டர் என்று வைத்தால், விடை ஏறத்தாழ 20 கிலோமீட்டர். ஏற்காட்டில் லேடீஸ் சீட்டில் நின்றால், சேலத்துச் சமவெளிக்கு மேலே 1,200 மீட்டர் உயரம் என்று கொண்டு, 120 கிலோமீட்டருக்கு மேல் தெரிய வேண்டும் என்று அடுத்த வரியில் எழுதியிருந்தாள். அங்கே மலைகளும் புழுதியும் மறைப்பதால் ஊர் விளக்குகளோடு பார்வை நின்றுவிடுகிறது. இங்கே 20 கிலோமீட்டர்தான், ஆனால் முழு வட்டமும் நமக்குத் தெரிகிறது என்றாள். தேர்வுக்காகப் படித்த கணக்கை அவள் தானாக எடுத்துப் பயன்படுத்தியதை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

உணவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காலையில் இட்லியும் சாம்பாரும் கிடைத்தன, சைவ உணவுக்குக் குறையில்லை.

மாலை நான்கு மணிக்கு அவள் வரவில்லை. நான்கு ஐந்து, நான்கு பத்து. கைப்பிடிக் கம்பிகள் என் மார்பளவு உயரம் என்பதை ஏற்கெனவே பார்த்திருந்தும், கப்பலுக்குப் பின்னால் நீண்டு போகும் வெள்ளை நுரைக்கோட்டை என் கண்கள் விடாமல் பார்த்தன. மூன்று தடவை எழுந்து, மூன்று தடவையும் உட்கார்ந்தேன். விதி என் மகள் எழுதியது. நான் அதை மீறினால், அடுத்த முறை அவள் சொல்லும் எதற்கும் மதிப்பில்லாமல் போய்விடும் என்று தோன்றியது. நான்கு இருபதுக்கு, உள்ளங்கைகள் சிவந்து, முடி கலைந்து ஓடிவந்தாள். பிடிகளைப் பற்றி ஏறி விளையாடும் ஏறுசுவருக்கு நீண்ட வரிசையாம். இரண்டு முறை பாதியில் வழுக்கி, மூன்றாம் முறை உச்சிமணியை அடித்துவிட்டு வந்திருக்கிறாள். திட்டுவதற்கு நான் வாய் திறக்குமுன் அவள் கேட்டது, "நீ எங்கயும் தேடிப் போகலையேம்மா?" என்பதுதான். போகவில்லை என்றேன். பக்கத்தில் உட்கார்ந்து, தாமதமானது தன் தவறுதான் என்றும், இனி வரிசையைப் பார்த்துவிட்டு நேரத்தைக் கணக்கிடுவதாகவும் சொன்னாள். அதற்குமேல் நானும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அன்றிரவு நிலவு எழும் முன்பே மேல்தளத்தின் இருண்ட மூலை ஒன்றை அவள் கண்டுபிடித்து என்னை அழைத்துப் போனாள். தெற்கே, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, திரிசங்கு நட்சத்திரக் கூட்டத்தின் நான்கு விண்மீன்களும் தெரிந்தன. சேலத்தில் எங்கள் மொட்டைமாடியில் தென்னை மரங்களும் தெருவிளக்குகளும் மறைக்கும் உயரம் அது.

ஜூன் 20 அன்று பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாயின. கணிதத்தில் அவள் எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் கூடுதலாகவே வாங்கியிருந்தாள். ஜூன் 27 அன்று பதினோராம் வகுப்பு தொடங்கியபோது, வேனுக்குப் பணம் கட்ட வேண்டாம், டவுன் பஸ்ஸில் போய்வருகிறேன் என்றாள். மாலை ஐந்தேகாலுக்குள் வீடு சேர வேண்டும் என்று பேசிக்கொண்டோம். முதல் நாள் ஐந்தரை ஆகியும் வரவில்லை. நான் ஸ்கூட்டர் சாவியை எடுத்து, மறுபடி ஆணியில் மாட்டிவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்தேன். ஐந்து நாற்பதுக்கு, மணிக்கட்டில் தாத்தாவின் கடிகாரத்தோடு தெருமுனையில் திரும்பினாள்.