மாங்காய் மண்டியில் ஒரு ஜெர்மன் பாலே

கிருஷ்ணகிரி மாங்காய் மண்டிகளை ஜூன் மாதத்தில் மட்டும் பார்த்தவர்களுக்கு மார்கழியில் அடையாளமே தெரியாது. சீசனில் லாரி திரும்ப இடம் இருக்காது. பெங்களூரா ரக மாங்காய்க் குவியல், வைக்கோல், மாங்காய்ப் பால் வாடை, எந்நேரமும் கூச்சல். மார்கழியில் ஷட்டரைத் தூக்கினால் வெறும் சிமெண்டுத் தரை, மூலையில் அடுக்கிய பிளாஸ்டிக் கிரேட்டுகள், ஓர் எடை மெஷின். அந்தத் தரைக்காகத்தான் என் நண்பன் மண்டியை மாத வாடகைக்குப் பிடித்திருந்தான். படி கிடையாது. தெருவிலிருந்து லேசான சரிவு, அவ்வளவுதான். வீல்சேர் நேராக உள்ளே போய்விடும்.

நூறு வருடத்துக்கு முந்தைய ஜெர்மன் பாலே ஒன்றை மறுபடி ஆடி, அதைப் படமாகவும் எடுக்கிறோம், ஆடுபவர்களில் பாதிப் பேர் மாற்றுத்திறனாளிகள் என்று போனில் சொன்னான். எனக்கு உடனே சந்தேகம்தான். ‘அனைவரையும் உள்ளடக்கிய’ என்று போஸ்டரில் போட்டு, சோக வயலின் வாசித்து, கடைசியில் பார்வையாளர்களை எழுந்து கைதட்ட வைக்கும் நிகழ்ச்சிகள் சிலவற்றைப் பார்த்து நொந்தவன் நான். சரி, போய்த்தான் பார்ப்போமே என்று சேலத்தில் பஸ் ஏறினேன். தொப்பூர் கணவாயில் வழக்கம்போல லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, தர்மபுரியில் டீ குடித்து, காவேரிப்பட்டினத்தில் நிப்பட் வாங்கிக்கொண்டு கிருஷ்ணகிரி போய்ச் சேரும்போது கோட்டை மலைக்குப் பின்னால் வெயில் சாய்ந்திருந்தது.

அவர்கள் எடுத்துக்கொண்டது ஆஸ்கர் ஷ்லெம்மரின் ‘ட்ரையாடிக் பாலே’. 1922 செப்டம்பர் 30 அன்று ஸ்டுட்கார்ட் நகரில் முதன்முதலாக அரங்கேறியது. ஷ்லெம்மர் ஓவியர், சிற்பி, பௌஹவுஸ் என்ற ஜெர்மன் நவீனக் கலைப் பள்ளியில் ஆசிரியர். இந்த பாலேயில் எல்லாமே மூன்று. ஆடுபவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் ஷ்லெம்மரே, வேறு பெயரில் ஆடினார். பகுதிகள் மூன்று: மஞ்சள், ரோஸ், கறுப்பு. மஞ்சள் கோமாளித்தனம், ரோஸ் கொண்டாட்டம், கறுப்பு ஏதோ மாயம். மொத்தம் 12 நடனம், 18 உடை. உடை என்றால் பட்டும் ஜரிகையும் இல்லை. பந்து, கூம்பு, தட்டு, கம்பிச் சுருள். அதற்குள் நுழைந்துவிட்டால் கை முழுதாகத் தூக்காது, முழங்கால் மடங்காது, கழுத்து திரும்பாது. உடை எதை அனுமதிக்கிறதோ அதுதான் நடனம். அதே 1922 டிசம்பரில் கல்கத்தாவில் பௌஹவுஸ் ஓவியர்களின் படங்கள் காட்சிக்கு வந்தன. இந்த உடைகள் மட்டும் அன்று நம் ஊர்ப்பக்கம் வரவில்லை.

மூல ஆட்டத்தின் அசைவுகள் முழுசாக யாரிடமும் இல்லை. ஓவியங்கள், குறிப்புகள், போட்டோக்கள், ஸ்டுட்கார்ட் அருங்காட்சியகத்தில் சில உடைகள், இவ்வளவுதான் மிச்சம். 1970இல் ஜெர்மனியில் அதைக் கலர் படமாக எடுத்தார்கள். 1977இல் கெர்ஹார்ட் போனர் புதிதாக நடனம் அமைத்து மேடையேற்றினார். ஆகவே இதை மீட்டெடுக்கும் எவரும் பாதியைத் தாங்களேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். ஷ்லெம்மர் 1943இலேயே இறந்துவிட்டதால் பதிப்புரிமைத் தொல்லையும் இல்லை. நண்பனுக்கு இந்த இரண்டும் போதுமானதாக இருந்தது.

மண்டிக்குள் நான் முதலில் பார்த்தது ஒரு கூத்து வாத்தியாரை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கல்யாண முருங்கைக் கட்டையைச் செதுக்கிக்கொண்டிருந்தார். கூத்தில் ராஜா வேஷத்துக்கு அணியும் கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் அந்த மரத்தில்தான் செய்வது. பஞ்சு மாதிரி லேசு. மேலே கண்ணாடித் துண்டும் ஜிகினாத் தாளும் ஒட்டுவார்கள். இங்கே அவர் செய்துகொண்டிருந்தது அரை வட்டக் கூம்பு. பக்கத்தில் கிரேட் மேல் சாய்த்துவைத்த செல்போனில் அந்த 1970 படம் ஓடிக்கொண்டிருந்தது.

“இதுல புதுசா என்ன இருக்குது கண்ணு?” என்றார். “கட்டை கட்டினவன் நடை வேற. கட்டைதான் ஆடும், நாம உள்ள நிக்கிறோம்.”

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது பார்த்தவர்களுக்குத் தெரியும். துரியோதனனை மண்ணால் மைதானம் நீளத்துக்குப் படுக்கப் போட்டு அதன்மேல் ஏறி ஆடுவார்கள். அர்ச்சுனன் வேஷக்காரர் பாடிக்கொண்டே நெடிய தபசு மரத்தில் ஏறுவார். இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொள்ள, ராஜா அதன் பின்னாலிருந்தே கால் மணி நேரம் அறிமுகமாவார். ஐரோப்பாவில் இதையெல்லாம் செய்திருந்தால் நவீனப் புரட்சி என்று எழுதியிருப்பார்கள். எழுதவும் செய்தார்கள்: 1924இல் பாரிஸில் ‘ரெலாஷ்’ என்ற பாலேயின் இடைவேளையில் பிரெஞ்சு இயக்குநர் ரெனே கிளேரின் சின்னப் படம் ஒன்றை ஓட்டினார்கள். அதில் ஒரு பாலே நடனக்காரியைக் கண்ணாடித் தரைக்கு அடியிலிருந்து காட்டி, பிறகு மேலே போனால் தாடி வைத்த ஆள். பெண் வேஷமெல்லாம் ஆண்களே கட்டும் கூத்தைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அதில் என்ன அதிர்ச்சி இருக்கப்போகிறது?

ரோஸ் பகுதியில் ஆடும் அக்கா டெய்லர் கடை வைத்திருக்கிறார். சின்ன வயதில் போலியோ, இடது காலில் காலிபர், அதாவது காலைத் தாங்கிப் பிடிக்கும் கருவி. அவருக்கும், முறையாகப் பரதம் படித்த கல்லூரித் தம்பி ஒருவருக்கும் ஒரே மாதிரி உடை: இடுப்பிலிருந்து கணுக்கால் வரை ஃபோம் வளையங்கள், நடுவில் ஜி.ஐ. கம்பி. தைத்ததும் அக்காதான். ஒத்திகை ஆரம்பித்ததும் தம்பி மூன்றடி வைப்பதற்குள் தடுமாறினார். அரைமண்டி உட்காரப் பழகிய கால், வளையம் விடவில்லை. அக்கா இடுப்பை லேசாகத் திருப்பி, எடையை வலப்பக்கம் வாங்கி, அலட்டிக்கொள்ளாமல் கடந்து போனார். எல்லோரும் அவரைப் பார்த்தோம்.

“எனக்கு இது தினப்படிதானேங்க. காலிபருக்கும் இதுக்கும் என்ன, இது கொஞ்சம் கலரா இருக்குது.”

என் சந்தேகம் அங்கேதான் கொஞ்சம் இறங்கியது. பாதிப் பேருக்குச் சலுகை கொடுத்து ஆட விடுகிற ஏற்பாடு இல்லை இது. உடையை மாட்டியதும் அத்தனை பேரும் நடக்கப் புதிதாகப் பழக வேண்டியிருக்கிறது. ஏற்கெனவே பழகியவர்கள் முன்னே போகிறார்கள். தம்பி அன்று சாயங்காலம் முழுக்க அக்காவிடம்தான் நடை கற்றுக்கொண்டார். “இடுப்புல இருந்து வாங்கு தம்பி, கால்ல இருந்து வாங்காத” என்று அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தார்.

மஞ்சள் பகுதியில் வீல்சேர் தம்பி. பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் சர்வீஸ் கடை. நாற்காலியின் இரண்டு சக்கரத்தையும் மூடி மஞ்சள் வட்டத் தட்டுகள், தலையில் கூம்பு. கூத்தில் வேகமாகச் சுற்றிச் சுழல்வதைக் கிறிக்கி என்பார்கள். வாத்தியார் சொல்லச் சொல்ல இவர் ஒரு சக்கரத்தை அமுக்கிப் பிடித்து மறுசக்கரத்தைத் தள்ளிச் சுழன்றார். அந்தக் கிறிக்கியைப் பார்த்துவிட்டு வாத்தியார் உளியைக் கீழே வைத்தார். மேற்கூரை இரும்புச் சட்டத்தில் கட்டியிருந்த காமிராவில் அதையே மேலிருந்து பார்த்தபோது ஆளும் இல்லை, நாற்காலியும் இல்லை; மஞ்சள் கோடுகள் இரண்டு, நடுவில் சுற்றும் ஒரு புள்ளி.

பார்வை இல்லாத ஒருவர் கம்பிச் சுருள் உடையில் ஆடுகிறார். அவருக்காகத் தரையில் தேங்காய் நார்க் கயிற்றைச் சுருளாக ஒட்டியிருந்தார்கள். வெறுங்காலில் அதைத் தடவிக்கொண்டே நடுவரை வந்து, திரும்பி வெளியே போவார். காது கேளாத இன்னொருவர் மிருதங்கக்காரரின் தோளைப் பார்த்து அடி எடுத்து வைக்கிறார். மிருதங்கக்காரர் குளிருக்குச் சால்வை போர்த்த, எல்லாம் குழம்பிப்போய், சால்வைக்குத் தடை விதிக்கப்பட்டது. 1926இல் இந்த பாலேவுக்கு ஜெர்மன் இசையமைப்பாளர் ஹிண்டெமித் இயந்திர ஆர்கனில் வாசிக்க இசை எழுதினார். இங்கே மிருதங்கம், ஹார்மோனியம், நடுநடுவே ஷட்டரை இறக்கும் சத்தம்.

எல்லாம் பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். கறுப்புப் பகுதி இழுவை. படத்தில் காட்சிகளைப் பின்னோக்கி ஓட்டும் தந்திரத்தை நண்பன் அளவுக்கு மீறிப் பயன்படுத்துகிறான், சொன்னேன், முறைத்தான்.

பெரிய சண்டை முகமூடியைப் பற்றித்தான். கடைசியில் எல்லோரும் முகமூடியைக் கழற்ற, ஒவ்வொரு முகமாக அருகில் காட்டி முடிக்க வேண்டும் என்பது அவன் ஆசை. அக்கா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். “மூஞ்சியப் பாத்தா அடுத்து காலைப் பாப்பாங்க. அப்புறம் பாவம்னு சொல்லுவாங்க. அதுக்கா இவ்வளவு பாடு?” வீல்சேர் தம்பிக்கோ நேர் எதிர்க் கருத்து. “என் மூஞ்சி வரலைன்னா நான்தான் ஆடினேன்னு கடைக்கு வர்றவன் எவன்க்கா நம்புவான்?” இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் பட்டது. கடைசியில், தம்பி கூம்பை எடுத்து மாட்டிக்கொள்வது படத்தின் தொடக்கத்தில் வரும். அக்காவின் முகம் எங்கும் வராது. கழற்றும் காட்சியே கிடையாது என்று முடிவானது. ஷ்லெம்மர் இருந்தாலும் அக்கா கட்சியாகத்தான் இருந்திருப்பார் என்பது என் ஊகம்.

மறுநாள் காலையில் நான் மட்டும் மல்லசந்திரம் போனேன். பாறைக் குன்றின் மேல் பெருங்கற்காலத்துக் கல்திட்டைகள். பலகைக் கற்களை நிறுத்தி, மேலே மூடி வைத்து, சுற்றிலும் வட்டமாகக் கற்களை நட்டிருக்கிறார்கள். சில கற்களின் தலை அரைவட்டமாக வளைந்திருக்கும். மேலே நின்று பார்த்தால் வட்டம், சதுரம், வளைவு தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. கறுப்புப் பகுதியை இங்கே எடுக்கத்தான் நண்பன் முதலில் நினைத்திருக்கிறான். பாதிப் பேர் ஏற முடியாது, தூக்கிக்கொண்டு போகலாம் என்றானாம். “மூட்டையா நாங்க?” என்று கேட்டிருக்கிறார் வீல்சேர் தம்பி. அதோடு அந்தத் திட்டம் போயிற்று. இவ்வளவு அழகான இடத்தை விட்டுவிட்டார்களே என்று இருந்தது. ஆனால் ஆடுபவர்கள் தாங்களாகப் போக முடிந்த இடத்தில்தான் படம் என்று முடிவெடுத்த பிறகுதான் மண்டி கிடைத்திருக்கிறது. அந்தத் தரை இல்லாமல் கிறிக்கி ஏது, மேலிருந்து எடுத்த ஷாட் ஏது?

அன்று இரவு கே.ஆர்.பி. என்கிற கிருஷ்ணகிரி அணைப் பக்கம் வறுத்த மீன் சாப்பிட்டுக்கொண்டே எங்கே திரையிடுவது என்று பேசினோம். ஊரில் நல்ல அரங்கம் என்று எல்லோரும் சொன்ன இடத்துக்குப் பதினெட்டுப் படி, பாத்ரூம் மாடியில். கல்யாண மண்டபம் ஒன்றின் சாப்பாட்டுக் கூடம் மட்டும் தரைத்தளத்தில் இருக்கிறது, அகலமான கதவு, பின்பக்கம் கழுவுமிடம். சாம்பார் வாசனை போகாது என்று நண்பன் முணுமுணுத்தான். வாத்தியாரின் நிபந்தனை வேறு: படத்துக்கு முன்னால் மஞ்சள் பகுதியை நேரில் ஆட வேண்டும், தம்பி திரைக்குப் பின்னாலிருந்துதான் வர வேண்டும். அக்காவும் பரதத் தம்பியும் திரை பிடிக்க ஒப்புக்கொண்டார்கள்.

தேதிதான் அமையவில்லை. தை முழுக்க முகூர்த்தம், மண்டபம் காலியில்லை. மாசியில் மயானக் கொள்ளை நேரம், வாத்தியாருக்கு ஓய்வில்லை. பங்குனி பிறந்தால் ஊர் ஊராகப் பாரதம். வாத்தியார் சட்டைப் பையிலிருந்து சின்ன டைரியை எடுத்து, செல்போன் வெளிச்சத்தில் புரட்டி, “மாசி கடைசில ஒரு செவ்வாக்கிழமை சும்மா இருக்குது, எழுதிக்கோ” என்றார்.