எண்ணூறின் ஆடி மாதம்

ஜூலை 8, 2025
பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்காக என் மாருதி எண்ணூறைத் தயார் செய்கிறேன். எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி ஆவாரம்பாளையத்து லேத் பட்டறையில் கொடுத்தாயிற்று. மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு ஓரமெல்லாம் வெளுத்துக் கிடந்தது. பிளாக்கை 0.5 மி.மீ. போர் போட, அதாவது சிலிண்டர் துளைகளைக் கடைந்து அகலமாக்கச் சொல்லியிருக்கிறேன், துளையின் விட்டம் 68.5 மி.மீ. 69 ஆகும், 796 சிசி ஏறத்தாழ 808 ஆகும். அந்தப் பன்னிரண்டு சிசியால் ஒன்றும் பறக்கப் போவதில்லை, சுவர்கள் மறுபடி நேராகும் என்பதற்காகத்தான்.

ஜூலை 10
பட்டறை அண்ணன் இன்றும் மாருதி ஜென் காரின் எஞ்சினைப் பற்றியே பேசினார். "ஏனுங்க, நாலு சிலிண்டரு, 993 சிசி, ரெண்டே நாள்ல ஏத்திக் குடுத்தர்றேன்" என்கிறார். அவர் சொல்வதில் பொய்யில்லை. கார்புரேட்டர் காலத்து எண்ணூறு கொடுப்பது நாற்பதைத் தொடாத குதிரைத்திறன். ஜென் வைத்தால் முதல் நேர்ச்சாலையிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும். ஆனால் எனக்கு வேண்டியது அது அன்று. இவ்வளவு குறைந்த திறனுள்ள வண்டியில், வளைவில் இழக்கும் வேகத்தை எஞ்சின் மீட்டுத் தராது. ஆகவே பிரேக்கைத் தொடாமல் எங்கெல்லாம் போக முடியும் என்று ஓட்டுபவன் கற்றே ஆக வேண்டும். நான் கற்க விரும்புவது அதைத்தான். இதை அண்ணனிடம் சொன்னபோது அவர் டீ சொல்ல எழுந்து போய்விட்டார்.

ஜூலை 11
நாள் முழுவதும் தூறல். எடை குறைய, வண்டியின் தரையில் ஒட்டியிருந்த தார்ப்பட்டைகளைச் சூட்டுக் காற்றால் இளக்கிச் சுரண்டினேன். பின்னிருக்கை, கம்பளம், கதவு அட்டைகள் எல்லாம் மாடிக்குப் போய்விட்டன. வீட்டில் யாரும் இதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் சற்றுக் கலக்கமாக இருக்கிறது.

ஜூலை 15
ஹெட் வந்தது. எரி அறைகளின் கொள்ளளவை அளப்பதிலேயே மாலை முழுவதும் போனது. அக்ரிலிக் தகடு ஒன்றில் சிறு துளையிட்டு, அறையின் விளிம்பில் கிரீஸ் தடவித் தகட்டை அதன்மேல் அமுக்கி, ஊசிக்குழாயால் மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். துளைக்குக் கீழே ஒரு குமிழி ஒட்டிக்கொண்டு நகரவே மறுத்தது. ஹெட்டை ஒரு பக்கம் சாய்த்து, விரல் நகத்தால் தகட்டைத் தட்டிய பிறகுதான் வெளியேறியது. முதல் இரண்டு அறைகளும் ஒன்றுபோலவே இருந்தன. மூன்றாவதில் மட்டும் 0.8 மி.லி. கூடுதல். வால்வு இருக்கையைச் சீர்செய்தபோது அங்கே சற்று ஆழமாக வெட்டியிருக்கிறார்கள். வால்வு உள்ளே அமிழ்ந்ததால் அறை பெரிதாகிவிட்டது. மற்ற இரண்டையும் லேசாகத் தேய்த்து மூன்றாவதோடு சமப்படுத்திவிட்டு, அதன் பிறகு மொத்தமாக ஹெட்டின் அடிமுகத்தைச் சீவுவதே முறை. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் வைக்கும் கேஸ்கெட்டின் கனத்தையும் பிஸ்டன் தலைக்கு மேலுள்ள இடைவெளியையும் சேர்த்தால், 8.7 அழுத்த விகிதத்துக்கு (பிஸ்டன் கலவையை அத்தனை மடங்கு நெருக்குகிறது) ஒரு சிலிண்டரில் 34.5 மி.லி. இடம் இருக்கும்; எனக்கு வேண்டிய 9.8-க்கு, போர் போட்ட பிறகு, 30.6 போதும். அதற்கு மேல் போக ஆசைதான். பங்கில் கிடைக்கும் 91 ஆக்டேன் பெட்ரோலும் இந்த ஊர் வெயிலும் அந்த ஆசையை அடக்கி வைக்கின்றன; அதிகம் நெருக்கினால் பெட்ரோல் தானாகவே வெடித்து எஞ்சின் தட்டும்.

ஜூலை 17
ஆடி பிறந்தது. கேஸ்கெட் வரவில்லை.

ஜூலை 21
எண்ணெயைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன். இந்த வண்டியின் டேஷ்போர்டில் எண்ணெய்க்கென்று இருப்பது ஒரு சிவப்பு விளக்கு மட்டுமே. அது எரியும்போது அழுத்தம் ஏறக்குறைய இல்லாமலே போயிருக்கும். எஞ்சின் குறுக்கே படுத்திருப்பதால், நீண்ட வளைவில் எண்ணெய் முழுவதும் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்பின் ஒரு முனைக்கு ஓடிச் சேர்கிறது; உறிஞ்சுகுழாயின் வாய் காற்றைக் குடிக்கிறது; கிராங்க் தண்டின் பேரிங்குகள் சில நொடிகள் வறண்டு சுழல்கின்றன. தெருவில் யாரும் அவ்வளவு நேரம் அவ்வளவு வேகத்தில் வளைவதில்லை என்பதால், வண்டியைச் செய்தவர்களுக்கு இது கவலையில்லை. சம்புக்குள் தடுப்புத் தகடுகள் வைத்துப் பற்றவைக்க வேண்டும். கிராங்கின் எதிர் எடைகள் தகட்டில் உரசக்கூடாது; தகட்டின் அடியில் எண்ணெய் திரும்பி வர வழி இருக்க வேண்டும்; அந்த வழியாகவே அது தப்பித்து ஓடியும் விடக்கூடாது. அட்டையில் வெட்டி வெட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரவு பதினொரு மணிக்கு எண்ணெய் அழுத்தமானி ஒன்றுக்கும் பணம் கட்டினேன்.

ஜூலை 23
கேஸ்கெட் வந்தது. நடுவில் மடித்து அனுப்பியிருக்கிறார்கள். மடித்து!

ஜூலை 26
டயர். எல்லோரும் பதின்மூன்று அங்குலத்துக்கு மாறச் சொல்கிறார்கள், பார்க்க நன்றாகத்தான் இருக்கும். கணக்குப் போட்டேன். இப்போதுள்ள 145/70 ஆர்12 டயரின் விட்டம் ஏறத்தாழ 508 மி.மீ.; 155/65 ஆர்13 போட்டால் 532. அதாவது ஒவ்வொரு கியரும் கிட்டத்தட்ட ஐந்து விழுக்காடு நீளும். நாலே கியருள்ள பெட்டியில், இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஏற்கெனவே கிணறு போல ஒரு பள்ளம் இருக்கிறது; அதை இன்னும் தோண்ட நான் பணம் கொடுக்க வேண்டுமா? பன்னிரண்டிலேயே மிருதுவான ரப்பர் தேடுகிறேன்.

ஸ்பிரிங்கை கேஸ் வைத்து அறுத்துத் தருவதாக ஒருவர் சொன்னார். சுற்றுகள் குறைந்தால் ஸ்பிரிங் இறுகும் என்பது சரி, ஆனால் அந்தச் சூட்டில் எஃகின் பதம் போய்விடும். வேண்டாம் என்றேன்.

ஜூலை 29
வேறு கேஸ்கெட் வந்தது, தட்டையாக. பிஸ்டன் தலையில் களிமண் வைத்துக் கிராங்கைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, ஹெட்டைத் திறந்து பார்த்தோம். வால்வு பதிந்த இடத்தில் போதிய கனம் இருக்கிறது, பிஸ்டனில் இடிக்காது. ஹெட் இறங்கியதால் பெல்ட் சற்றுத் தொய்கிறது; டென்ஷனர் அதை இழுத்துக்கொள்ளும்போது, வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு கொஞ்சம் பின்தங்குகிறது. அதற்காகவே திருகித் திருத்தக்கூடிய கேம் புல்லி ஒன்றைக் கடைந்து வாங்கினேன். இந்த ஊரில் பம்பு செய்யும் கைகள் எதையும் கடைந்து தரும்.

ஜூலை 31
ஓடுகிறது. ஓடுகிறது!

ஆகஸ்ட் 3
ஆடிப்பெருக்கு. வெல்டர் ஊருக்குப் போய்விட்டார். வண்டி உருண்டால் ஓட்டுபவனைக் காக்கும் குழாய்க் கூண்டின் பின்காலிரண்டும் அப்படியே நிற்கின்றன. கூண்டின் முக்கிய வளையத்துக்கு 45 மி.மீ. குழாய், 2.5 மி.மீ. கனம், தையலில்லாதது. மலிவான தண்ணீர்க் குழாயில் செய்து தருகிறேன் என்றவரின் எண்ணை அழித்துவிட்டேன். புது ரிங்குகள் படியட்டும் என்று பொள்ளாச்சிச் சாலையில் கிணத்துக்கடவு வரை மிதமாக ஓட்டி வந்தேன். அழுத்தமானியின் முள்ளைப் பார்த்த நேரம், சாலையைப் பார்த்த நேரத்தைவிடக் கூடுதலாக இருக்குமோ என்று தோன்றுகிறது.

ஆகஸ்ட் 5
இன்று எல்லாமே வீண் என்று பட்டது. இந்தப் பணத்துக்கு நல்ல நிலையிலுள்ள பழைய ஜென் ஒன்றை முழுதாகவே வாங்கியிருக்கலாம். பிறகு கரிவரதனை நினைத்தேன். இதே ஊர்க்காரர், இதே மூன்று சிலிண்டர் எஞ்சினை எடுத்து ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிக்குள் வைத்தார். பின்னாளில் ஃபார்முலா ஒன் வரை போன நாராயண் கார்த்திகேயன் இருங்காட்டுக்கோட்டையில் தம் முதல் பந்தயத்தை ஓட்டியது அந்த ஃபார்முலா மாருதியில்தான். 1995-இல் விமான விபத்தில் கரிவரதன் போன பிறகு, செட்டிபாளையத்துத் தடத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். சனிக்கிழமை நான் போகப்போவதும் அங்கேதான். எஞ்சின் சிறியது என்று அங்கே போய் நான் அழ முடியாது.

ஆகஸ்ட் 7
கூண்டு முடிந்தது. ஏறி உட்கார்வதே ஒரு பயிற்சி.

ஆகஸ்ட் 9, சனி
பயிற்சி ஓட்டம். முன் சக்கரங்களின் மேல்விளிம்பு உள்பக்கம் சாயும்படி இரண்டு டிகிரி எதிர்ச்சாய்வு வைத்தது நல்ல பலன் தருகிறது; மூக்கு சொன்ன இடத்துக்கு வருகிறது. வளைவை விட்டு வெளியேறும்போது உட்புறச் சக்கரம் வெறுமனே சுழன்று புகைகிறது, அதற்கு இப்போது மருந்தில்லை. வளைவுக்குள் இரண்டாம் கியரில் எஞ்சின் கதறுகிறது, மூன்றில் மூச்சு விடாமல் கிடக்கிறது. கதறட்டும் என்று இரண்டிலேயே வைத்துக்கொண்டேன். பெரிய கார்கள் நேர்ச்சாலையில் கடந்து போயின. வளைவில் அவர்களுடைய பின்விளக்குகள் திரும்பவும் என்னிடமே வந்தன.

எண்ணெய் அழுத்தமானியின் முள். நீண்ட வளைவின் கடைசியில், நான் இன்னும் ஸ்டியரிங்கைத் திருப்பிப் பிடித்திருக்கும்போது, முள் பாதிக்கு இறங்கி, நேரானதும் ஏறுகிறது. தடுப்புத் தகடு இல்லாவிட்டால் சுழியத்துக்கே போயிருக்கும் என்கிறார் அண்ணன். அது ஆறுதலா என்று தெரியவில்லை. அரை லிட்டர் எண்ணெய் கூடுதலாக ஊற்றியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 10, காலை
வண்டிச் சோதனையில் எல்லாம் சரி. பின்னுள்ள இழுவை வளையத்துக்கு அம்புக்குறி மட்டும் இல்லையாம். சிவப்பு ஒட்டுத்தாள் யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்கப் போகிறேன். எண்ணெய் அளவுக்கோலில் மேல்கோட்டைத் தாண்டி இருக்கிறது, கசிவில்லை. ஒன்பதரைக்கு என் முறை.