மூணாவது பெட்டி

டிசம்பர் 19, 2024, வியாழன்
பிராங்க்பர்ட் ஜவுளிக் கண்காட்சிக்கான ஸ்டால் பாஸில் என் பேரைப் போடச் சொல்லிவிட்டார் அப்பா. வேறு எதுவும் பேசவில்லை. பிறகு பீரோவைத் திறந்து கம்பளிக் கோட்டை எடுத்து, மாடியில் வெயிலில் காயப்போட்டார். அந்தக் கோட்டு எனக்குப் பெரிசு.

டிசம்பர் 27, வெள்ளி
நாலு நாளாகக் காஸ்டிங், அதாவது விலைக் கணக்கு. பொங்கலும் ஹைம்டெக்ஸ்டில் கண்காட்சியும் இந்தத் தடவை ஒரே நாளில் ஆரம்பிக்கின்றன, ஜனவரி 14. பிராங்க்பர்ட்டில் ஒருவர் விலை கேட்கும்போது கரூரில் தறி நிற்கும், சாயப்பட்டறை பூட்டியிருக்கும், கணக்கப்பிள்ளை ஊருக்குப் போயிருப்பார். போன் போட்டுக் கேட்க ஆள் கிடையாது. அதனால் எல்லா விலையும் இப்போதே கையில் இருக்க வேண்டும். நூல் கிலோ விலை, பிக் ரேட் என்கிற நெசவுக்கூலி, சாயக்கூலி, தையல், பேக்கிங், சேதாரம், தூத்துக்குடியில் கப்பல் ஏற்றுகிற விலை (எஃப்ஓபி) வரை. பதினெட்டு ஆர்ட்டிக்கிள், அதாவது பதினெட்டு வகைச் சரக்கு. ஒவ்வொன்றுக்கும் ஆயிரம், மூவாயிரம், ஐயாயிரம் பீஸ் என்று மூன்று விலை. "ஊருக்குப் போய் மெயில் பண்றேன்னு சொன்னா, அவங்க அடுத்த ஸ்டாலுக்குப் போறதுக்குள்ள நம்மள மறந்துருவாங்க கண்ணு" என்கிறார் அப்பா.

214ஆம் நம்பர் ஆர்ட்டிக்கிள், வாஃபிள் துண்டு (குழி குழியாகக் கட்டம் விழும் நெசவு), அதற்கு மட்டும் கணக்கு இன்னும் ஒத்துவரவில்லை. வாஃபிள் நெசவு முதல் துவையலிலேயே இழுத்துக்கொள்ளும். ஐம்பதுக்கு எழுபது சென்டிமீட்டர் கேட்டால் அந்தச் சுருக்கத்தையும் சேர்த்து வெட்ட வேண்டும். அப்போது நூல் எடை ஏறுகிறது, விலையும் ஏறுகிறது.

ஜனவரி 2, 2025, வியாழன்
மூன்று சாம்பிள் பெட்டி ஏர் கார்கோவில் கிளம்பியது. 214 வாஃபிளில் ஐந்து துண்டுகளை என் சூட்கேஸில் வைத்துக்கொண்டேன். துவைக்காதது இரண்டு, அறுபது டிகிரியில் ஐந்து தரம் துவைத்தது மூன்று.

ஜனவரி 5, ஞாயிறு
பழைய புத்தகத்திலிருந்து முகவரி எடுத்து நாற்பத்தாறு மெயில். பதில் ஒன்பது. நேரம் குறித்துக் கொடுத்தவர்கள் நான்கு பேர். இது நல்ல எண்ணிக்கைதானாம். வெறுமனே ஹாலில் போய் உட்கார்ந்து யாராவது வருவார்களா என்று வாசலைப் பார்த்த வருஷங்களும் உண்டு என்கிறார் அப்பா.

அப்பாவின் விசாரணைப் புத்தகம் நீளமான கணக்கு நோட்டு. பக்கத்துக்கு ஒருவர். மேலே கார்டை ஸ்டேப்ளர் அடித்திருக்கிறார். கீழே என்ன கேட்டார், எதைத் தொட்டுப் பார்த்தார், நாம் என்ன சொல்லி அனுப்பினோம். ஓரத்தில் அடையாளம்: "சிவப்புக் கண்ணாடி", "இடது கையால் எழுதுவார்", "மகளுக்குக் கல்யாணம், அடுத்த தரம் கேட்கணும்". விடிய விடிய வாசித்தேன். இருபது வருஷம் அவர் யாரோடு என்ன பேசினார் என்று எனக்கு இதுவரை தெரியாது.

ஜனவரி 9, வியாழன்
அப்பாவின் ஆஸ்பத்திரி ரிப்போர்ட் வரவில்லை.

ஜனவரி 12, ஞாயிறு, பிராங்க்பர்ட்
கண்காட்சி வளாகத்து மெஸ்ஸே டவர் முன்னால் அந்தக் கறுப்பு இரும்பு மனிதன், பெரிய சிலைதான், சுத்தியலை மெதுவாக ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறான். அப்பா வருஷா வருஷம் அவன் போட்டோவைத்தான் முதலில் அனுப்புவார். இன்றைக்கு நான் அனுப்பினேன். பார்த்துவிட்டார், நீல டிக் வந்துவிட்டது. பதில் இல்லை.

ஜனவரி 13, திங்கள், போகி
இரண்டு பெட்டிதான் வந்திருக்கிறது. மூணாவது பெட்டி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. ஏப்ரன், ஓவன் கிளவுஸ், டேபிள் ரன்னர் எல்லாம் அதில். கார்கோக்காரர் "டிரான்சிட்ல இருக்கு மேடம்" என்றே நாலு தரம் சொன்னார். பன்னிரண்டு சதுர மீட்டர் ஸ்டால், மூன்று சுவர், அதில் ஒன்று முழுக்க வெள்ளை. தரையில் உட்கார்ந்து அழுதேன்.

அப்புறம் எழுந்து இருக்கிறதை வைத்துப் பார்த்தேன். வெறும் சுவரில் அந்த ஐந்து வாஃபிள் துண்டு மட்டும், இடைவெளி விட்டு. விளக்கு மூன்றையும் அதன்மேல் திருப்பினேன். வாசலை மறித்துப் போட்டிருந்த மேஜையைப் பக்கச் சுவரோரம் தள்ளினேன். மேஜைக்குப் பின்னால் நின்றால் நான் கடைக்காரி, வருகிறவர் வெளியாள். உள்ளே வந்து தொட்டுப் பார்க்க வழி வேண்டும்.

ஜனவரி 14, செவ்வாய்
ராத்திரி இரண்டு மணிக்கு அம்மா வீடியோ போட்டாள். அங்கே ஆறரை. வாசலில் பானை பொங்குகிறது. அப்பா நாற்காலியில், சால்வை போர்த்தி. "பொங்கலோ பொங்கல்" சொல்லும்போது அவர் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. "மொத ரெண்டு மணி நேரம் ஸ்டால விட்டு நகராத. முடிவு எடுக்கறவங்க மொத ரெண்டு நாளுதான் வருவாங்க. உக்காராத. போனப் பாக்காத. சரியா சாமி?"

கால் இரண்டும் கல்லாகிவிட்டது. பதினேழு கார்டு. நேரம் குறித்த நால்வரில் மூவர் வந்தார்கள். ஒருவர் உட்கார்ந்ததும் முதல் கேள்வி, டாலர் எண்பத்தாறு ரூபாயைத் தாண்டிவிட்டதே, விலையை எவ்வளவு குறைப்பீர்கள் என்று. நூலும் சாயமும் அந்த லாபத்தை எப்படித் தின்றுவிடும் என்பதைக் காஸ்டிங் தாளை வைத்துக்கொண்டே சொன்னேன். இரண்டு சென்ட் குறைத்தேன். அதற்குக் கீழே அப்பா கோடு போட்டிருக்கிறார்.

நீலக் கோட்டு போட்ட ஒரு அம்மாள் பதினொன்றரைக்கு வந்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை. நேரே வாஃபிள் சுவருக்குப் போனார். துண்டின் முனையைப் புரட்டி, மூலை மடிப்பில் இரண்டு தையலும் சரியாகச் சேர்கிறதா என்று கட்டைவிரல் நகத்தால் ஓட்டிப் பார்த்தார். கரையை இழுத்தார். துவைத்ததையும் துவைக்காததையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஓரம் அளந்தார். துவைத்ததைக் கன்னத்தில் வைத்தார். என் கார்டை எடுத்து, அதன் பின்னால் 214 என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

கார்டு கேட்க மறந்துவிட்டேன். பேட்ஜ் திரும்பிக் கிடந்தது. புத்தகத்தில் ஒரு பக்கம், மேலே ஒன்றும் இல்லாமல்: "நீலக் கோட்டு, அறுபது வயசு, கட்டைவிரல்".

ஜனவரி 15, புதன்
மூணாவது பெட்டி மத்தியானம் வந்தது. திறந்து பார்த்தேன், எல்லாம் பத்திரம். மூடி மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டேன். அந்தச் சுவரைத் தொட மனசில்லை, ஆட்கள் அதைப் பார்த்துத்தான் உள்ளே வருகிறார்கள். கேட்டவர்களுக்கு மட்டும் ஏப்ரனை எடுத்துக் காட்டினேன்.

ஹால் முழுக்க நடந்து தேடினேன். நீலக் கோட்டு நிறையப் பேர் போட்டிருக்கிறார்கள்.

ஜனவரி 16, வியாழன்
ஆறு கார்டு. ஒரு பிரெட். தூக்கம்.

ஜனவரி 17, வெள்ளி
மூன்று மணிக்கே சில ஸ்டால்களில் டேப் கிழிக்கிற சத்தம். மூடும் நேரம் வரை பிரிக்கக் கூடாது என்பது விதி. அதற்காக இல்லை, யாராவது கடைசியில் வரலாம் என்றுதான் நின்றேன். நாலரைக்கு நெதர்லாந்திலிருந்து சின்னக் கடை வைத்திருக்கும் தம்பதி. முந்நூறு துண்டுதான் வேண்டுமாம். முந்நூறுக்கெல்லாம் சாயப்பட்டறையில் தொட்டி போட மாட்டார்கள், அளவு போதாது. சாயம் போடாத இயற்கை நிறத்தில் கையிருப்பு இருக்கிறது, அதில் தருகிறேன் என்றேன். அந்தப் பெண் கைகொட்டினார்.

அவர்களுடைய பேட்ஜைப் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

ஜனவரி 21, செவ்வாய், கரூர்
எல்லோருக்கும் மெயில் போய்விட்டது, ஒரே கடிதமாக இல்லை. ஒவ்வொருவரும் எதைத் தொட்டார்களோ அதன் படம், சொன்ன விலை, சாம்பிள் எப்போது கிளம்பும் என்ற தேதி. அப்பா படுத்துக்கொண்டே பக்கம் பக்கமாகக் கேட்டார். நீலக் கோட்டுப் பக்கத்தில் நிறுத்தச் சொன்னார். "கன்னத்துல வெச்சாங்களா?" என்று இரண்டு தரம் கேட்டார்.

ஜனவரி 24, வெள்ளி
இருபத்தொன்பது மெயிலுக்கு ஐந்து பதில். இரண்டு பேர் சாம்பிள் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் ஓகோ-டெக்ஸ் (துணியில் கேடான ரசாயனம் இல்லை என்கிற) சான்றிதழ் நகல். நெதர்லாந்துக்காரர்கள் முன்பணமே அனுப்பிவிட்டார்கள்.

ஜனவரி 28, செவ்வாய்
ரிப்போர்ட் வந்தது. சனிக்கிழமை மறுபடியும் கோயமுத்தூர் போகணும்.

பிப்ரவரி 3, திங்கள்
காலையில் ஒரு மெயில். அனுப்பியது யார் என்று பேர் இல்லை, ஹாம்பர்க் முகவரி. தலைப்பில் 214 என்று மட்டும். உள்ளே இரண்டு வரி: பத்துத் துவையலுக்குப் பிறகு சுருக்கம் எத்தனை சதவீதம், சாம்பல் நிறத்தில் லேப் டிப் (சாயம் போட்ட சின்ன மாதிரி) கிடைக்குமா.

அப்பாவிடம் போனைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "அவங்களா இருக்குமா?" என்றேன். "மொதல்ல பத்துத் தடவ துவைக்கப் போடு கண்ணு" என்றார்.

இப்போது மூணாவது துவையல் ஓடிக்கொண்டிருக்கிறது. சாயப்பட்டறைக்காரர் ஆறு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்.